எண்ணெய் வித்து: சொல்லும் சரக்கும்

எண்ணெய் வித்து என்றால் பிழிந்தால் எண்ணெயும் பிழிந்த மிச்சமாகப் பிண்ணாக்கும் தரும் விதை அல்லது பருப்பு. ஆங்கிலத்தில் ஆயில்சீட் என்பார்கள். பர்மியத்தில் 'ஸீ த்வெத் தீஹ்நான்' என்பது வழக்கு. 'எண்ணெய் வெளிவரும் விளைச்சல்' என்று அதற்குப் பொருள். மூன்றும் ஒன்றைத்தான் சொல்வதுபோலத் தோன்றும். சந்தை அறிக்கையைக் கையில் எடுத்தால் அப்படி இல்லை என்று தெரியும்.

சொல்லின் பிறப்பு ஊரறிந்தது. எள் + நெய் = எண்ணெய். பழந்தமிழில் நெய் என்பது மாட்டுநெய்யை மட்டும் குறிக்கவில்லை. வழவழப்பான எந்தக் கொழுப்பும் நெய்தான். எள்ளின் நெய்யைக் குறித்த பெயர் பிறகு எல்லாவற்றுக்கும் பொதுவாகிப் போனது. அதனால் எள்ளின் எண்ணெய்க்கே 'நல்லெண்ணெய்' என்று புதுப்பெயர் தேட வேண்டி வந்தது. ஆங்கில 'ஆயில்' ஒலிவத்திலிருந்து வந்தது. ரங்கூன் கடைகளில் பாமாயிலுக்கு வழங்கும் 'சா-ஓன்-ஸீ' என்ற பெயருக்குச் 'சாப்பிடும் தேங்காய் எண்ணெய்' என்று பொருள், தேங்காய்க்கும் அதற்கும் தொடர்பில்லாவிட்டாலும்.

அடுத்தது வித்து. விதை என்று எழுதினால் என்ன? பேச்சில் இரண்டும் ஒன்று. சரக்குச் சீட்டில் பிரித்து எழுதுவது நல்லது: ஆட்டுவதற்குப் போவது வித்து, மண்ணில் போடுவது விதை. விதைக்கென்று வைத்த எள்ளிலும் கடலையிலும் பூஞ்சைக்கொல்லி தடவியிருப்பார்கள். அந்த மூட்டை தவறிப்போய்ச் செக்குக்கு வந்தால் எண்ணெயும் கெடும், பிண்ணாக்குத் தின்னும் மாடும் கெடும்.

இனி உலகக் கணக்கு. அமெரிக்க வேளாண் துறை மாதந்தோறும் வெளியிடும் அட்டவணையில் முதன்மை எண்ணெய் வித்துகள் ஏழு: சோயா, ரேப்சீட், சூரியகாந்தி, பருத்திக்கொட்டை, நிலக்கடலை, செம்பனைப் பருப்பு, கொப்பரை. எந்தப் பயிரிலிருந்து எண்ணெய் என்ற சொல்லே பிறந்ததோ அந்த எள் இந்த ஏழில் இல்லை! உலக எள் விளைச்சல் ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் டன். ஏழு வித்துகளின் மொத்தமோ 2023/24இல் 65 கோடி டன்னைத் தாண்டியது. அதில் பத்தில் ஆறு பங்கு சோயா. ஆகவே 'உலக எண்ணெய் வித்து விளைச்சல் கூடியது' என்ற செய்தியைப் படித்துவிட்டு, பர்மாவில் எள் விளையும் மக்வேயில் எள் விலை இறங்கும் என்று நினைப்பவர் கணக்குத் தப்புவார். பிரேசிலில் சோயா நன்றாக விளைந்தது என்பதுதான் பெரும்பாலும் அந்தச் செய்தியின் சாரம்.

சோயாவையும் எண்ணெய் வித்து என்கிறோம், ஆனால் அது எண்ணெய்க்காக விளைவது குறைவு. சிகாகோ சந்தையின் அளவு புஷல். சோயாவுக்கு 60 பவுண்டு, அதாவது 27.2 கிலோ. ஆட்டினால் சுமார் 5 கிலோ எண்ணெயும் 20 கிலோ பிண்ணாக்கும் கிடைக்கும்; மீதி தோலும் கழிவும். எள் காய்ப்பது எண்ணெய்க்கு, சோயா காய்ப்பது பிண்ணாக்குக்கு. 2024இல் சீனா 10 கோடி டன்னுக்கு மேல் சோயா இறக்கியதற்கும் பன்றி, கோழித் தீவனமே முதற்காரணம். தீவனத் தேவை ஏறினால் ஆலைகள் அதிகம் ஆட்டும், எண்ணெய் தானாகவே சந்தையில் குவியும். டீசலில் கலக்க எண்ணெய் கேட்கும்போது இது தலைகீழாகும்: எண்ணெய் விலை ஏறும், பிண்ணாக்கு மலியும். இந்தோனேசியா 2025இல் டீசலில் 40% பாமாயில்வழி எரிபொருள் என்ற நிலைக்குப் போனதும், பிரேசில் அதே ஆண்டு 15%க்கு உயர்த்தியதும் இந்த இரண்டாம் பக்கத்தைச் சேர்ந்தவை.

இங்கே 'கிரஷ்' என்ற சொல்லுக்கு 'நசுக்கல்', 'நொறுக்கல்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். வேண்டியதில்லை. செக்காட்டுதல் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் 'செக்கிறை' என்று வரியே உண்டு. கிரஷ் என்பது ஆட்டு, கிரஷ் மார்ஜின் என்பது ஆட்டு வரவு. எண்ணெயும் பிண்ணாக்கும் விற்ற பணத்திலிருந்து வித்தின் விலையைக் கழித்தால் வருவது ஆட்டு வரவு. ஆலைச் செலவையும் கழித்தால் லாபம். 'மீல்' என்பதற்கு 'உணவு' என்று எழுதுவது சுத்தப் பிழை. அது பிண்ணாக்கு. கரைப்பான் ஊற்றி எண்ணெயை இறக்கியதை மட்டும் 'எண்ணெய் நீக்கிய பிண்ணாக்கு' என்று பிரிக்கலாம். அதில் தங்கும் எண்ணெய் 1 விழுக்காட்டுக்குள்.

பாமாயில் இன்னொரு சிக்கல். செம்பனைப் பழத்தின் சதையிலிருந்து வருவது பாமாயில். கொட்டைக்குள் உள்ள பருப்பிலிருந்து வருவது வேறு எண்ணெய். மேற்சொன்ன அட்டவணையில் பருப்புக்கு மட்டுமே வித்து என்று இடம். பாமாயில் 'தாவர எண்ணெய்' என்ற தனிப் பட்டியலில் வரும், அங்கே அதுதான் முதலிடம். பர்மியச் சொல் விதை, சதை என்று பாராமல் எண்ணெய் வரும் விளைச்சல் எல்லாவற்றையும் அடக்குகிறது. அந்த வகையில் நம் சொல்லைவிட அகலமானது. ரங்கூன் அடுக்களைக்கு இது ஏட்டு விவகாரம் அன்று. 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது, இறக்குமதியை நம்பியிருக்கும் நாடுகளெல்லாம் அதிர்ந்தன. அந்த ஆண்டு வித்துப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதன் காரணம் தெரிந்திருக்காது.

பர்மாவின் சொந்தச் சரக்கு எள்ளும் கடலையும். மக்வே, மண்டலே, சகாயிங் என்ற வறண்ட வட்டாரத்தில் விளைவது. எள்ளை வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று மூன்றாகப் பிரித்து விற்பார்கள். 'சமோன் நெத்' என்ற கறுப்பெள் ஜப்பானுக்குப் போகும் உயர்ந்த ரகம், மற்றதில் பெரும்பகுதி சீனாவுக்கு. மழைப்பட்டத்து எள்ளில் அறுவடை நேரத்து மழைதான் வினை. அடிக்காய் மஞ்சளானதும் அறுத்துக் கட்டாக நிறுத்திக் காயவைக்க வேண்டும். தாமதித்தால் காய் வெடித்து எள் மண்ணில் சிந்தும், நனைந்தால் நிறம் மங்கும். ஈரம் 8 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போதே மூட்டை கட்டினால் உள்ளே சூடேறி, எண்ணெயில் புளிப்பு ஏறும். ஆய்வகச் சீட்டில் 'எஃப்.எஃப்.ஏ.' என்று இருப்பது அந்தப் புளிப்பு, தமிழில் தனிக்கொழுப்பமிலம். எள் பிண்ணாக்கைப் புளிக்கவைத்துப் பர்மியர் உண்பார்கள், அது வேண்டிச் செய்வது, இது கெடுவது.

அளவுக்கு வருவோம். 'தின்' என்ற பர்மியக் கூடை ஒன்றில் எள் 54 பவுண்டு, பர்மா வீசையில் சரியாக 15. பாதி எண்ணெய் என்று கொண்டால், பிண்ணாக்கில் 8% தங்கும் எக்ஸ்பெல்லர் என்ற பிழியும் எந்திரத்தில் 6.85 வீசை எண்ணெய் வரும். 15% தங்கினால் 6.2தான். எள்ளில் ஈரம் மிகுந்தாலும் எந்திரம் சூடேறாவிட்டாலும் இந்த இழப்பு நேரும். வீசை என்ற சொல்லிலும் கண் வேண்டும். ஆங்கிலேயர் 'விஸ்' என்று எழுதியது நம் வீசையைத்தான். பர்மியர் 'பெய்த்தா' என்பர். ஆனால் தமிழ்நாட்டு வீசை 1.4 கிலோ, பர்மா வீசை 1.633 கிலோ. ரங்கூனில் வீசைக்கு இத்தனை கியாட் (பர்மா நாணயம்) என்று வரும் விலையை 1.4ஆல் வகுத்தால் கிலோ விலை ஆறில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும். ஒரு டன்னுக்கு 612 வீசை என்று வைத்துக்கொண்டால் உலக விலையோடு ஒப்பிடச் சரியாக இருக்கும்.