ஹெட்லைட்டை அடைக்காதீர்கள், அது மூச்சு விட வேண்டும்

மறுபடியும் ஒரு ஹெட்லைட். உள்ளே அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர். லென்ஸின் உள்பக்கம் வெள்ளையாகப் படலம். ஓரம் சுற்றிலும் பிதுங்கி வழிந்து காய்ந்த சிலிக்கான். போதாததற்கு அடியில் டிரில் போட்ட ஓட்டை வேறு. "தண்ணி வடியட்டும்னு நான்தான் போட்டேன் சார்" என்றார் வண்டிக்காரர், ஏதோ புண்ணியம் செய்தவர் மாதிரி. வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரித்து, உள்ளே இருந்த குரோம் பட்டைக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, வளைய எல்இடி ஒட்டி மூடியிருக்கிறார். மழைக்காலம் வந்துவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்கு இதே பிழைப்புதான்.

இப்படி வருகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல ஒன்றைச் சொல்வார்கள்: "காத்துகூடப் போகாம சீல் பண்ணிட்டேன்." ஐயா, வினையே அங்கேதான் இருக்கிறது.

ஹெட்லைட் காற்றுப் புகாத டப்பா கிடையாது. அப்படி யாரும் அதைச் செய்வதும் இல்லை. கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். வளைந்த சின்ன ரப்பர் குழாயோ, குட்டித் தொப்பியோ, ஒட்டிவைத்த வட்டமான மெல்லிய சவ்வோ இருக்கும். அதுதான் பிரீதர். பல்ப் எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிகிறது, பிரீதர் வழியாக வெளியேறுகிறது. அணைத்ததும் குளிர்ந்து சுருங்குகிறது, அப்போது வெளியிலிருந்து காற்றை இழுக்கிறது. தினமும், ஒவ்வொரு முறை லைட் போடும்போதும் இது நடக்கிறது. நீங்கள் பிரீதரில் சிலிக்கானை அப்பிவிட்டால் இந்த இழுப்பு நின்றுவிடாது. எந்த இடம் பலவீனமோ அந்த வழியாக இழுக்கும்: பல்ப் மூடியின் ரப்பர் ஓரம், உங்கள் சிலிக்கானில் எங்கோ விட்டுப்போன மயிரிழை இடைவெளி. சூடான ஹெட்லைட்டோடு வண்டி மழையில் நிற்கிறது என்று வையுங்கள். அந்த இடுக்கில் நிற்பது காற்றல்ல, தண்ணீர். அதைத்தான் உள்ளே இழுக்கும். வந்தது ஆவியாகி வெளியேறவும் வழியில்லை, வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள். பிறகு ஓட்டை போட்டால் சக்கரம் வாரியடிக்கும் சேறும் தூசியும் அதன் வழியாக, வெளிச்சத்தை முன்னே திருப்பும் பளபளப்பான ரிஃப்ளெக்டரில் போய் உட்காரும்.

இதில் கொடுமை என்னவென்றால், பலர் முதலில் பிரிப்பதே தேவையில்லாத காரணத்துக்காக. வாட்டர் வாஷ் முடிந்ததும் லென்ஸின் உள்ளே லேசாக ஆவி படிந்திருக்கும். லைட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டினால் மறைந்துவிடுகிறதா? அது கோளாறே இல்லை, விட்டுவிடுங்கள். எல்இடி ஹெட்லைட்டில் லென்ஸ் அவ்வளவாகச் சூடேறாது, அதனால் ஆவி போக இன்னும் நேரம் பிடிக்கும். சொட்டாக வழிந்தாலோ அடியில் தேங்கினாலோ மட்டும் ஆளிடம் காட்டுங்கள்.

சரி, பிரிக்கும் விஷயத்துக்கு வருவோம். லென்ஸை ஒட்டும் பசையில் பொதுவாக இரண்டு வகை. பியூட்டைல் என்றால் சூட்டில் இளகி நூல் நூலாக இழுபடும், திரும்ப ஒட்டவும் செய்யும். பெர்மா சீல் என்றால் இளகவே இளகாது. வீடியோவில் வருவதெல்லாம் முதல் வகை. உங்கள் வண்டியில் இருப்பது இரண்டாவதாக இருந்தால், இளகவில்லையே என்று மேலும் மேலும் சூடேற்றுவீர்கள். லென்ஸ் பாலிகார்பனேட். 150 டிகிரியை நெருங்கினாலே தளர்ந்து வடிவம் மாறும். ஹீட் கன் முனையிலோ 500 டிகிரிகூட வரும். கடைசியில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பும்போது ஹவுஸிங்கின், அதாவது பின்பக்கக் கூட்டின், காது உடையும். பெர்மா சீல் வந்தால் நாங்களே பல நேரம் கை வைக்க மாட்டோம். தொழில் தெரியாமல் இல்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று தெரிந்ததால். அப்புறம், சமையலுக்கு வைத்திருக்கும் ஓவனில் ஹெட்லைட்டைச் சுட வைக்காதீர்கள். இதையெல்லாமா எழுத வேண்டியிருக்கிறது!

உள்ளே அடிக்கும் பெயின்ட், ஒட்டும் பசை எல்லாம் சூட்டில் ஆவி விடும். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் காயும்போது வெளிவருவது அசெட்டிக் அமிலம், அது ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சை அரித்துவிடும். சூப்பர் குளூ போட்டால் சுற்றிலும் வெள்ளை படியும். படிந்ததைத் துணியால் துடைக்கப் போனால் பூச்சே கையோடு வந்துவிடும், ரிஃப்ளெக்டரின் கதை அதோடு முடிந்தது. லென்ஸைத் தின்னரால் துடைத்தவர்கள், சிலந்தி வலை மாதிரி ஓடும் விரிசல்களுக்குப் பாலிஷ் இருக்கிறதா என்று கேட்டு வருகிறார்கள். இல்லை.

அடுத்தது வெளிச்சம். "எல்இடி பல்ப் மாத்தினேன், பளிச்சுனு இருக்கு" என்பார்கள். யாருக்குப் பளிச்சென்று? எச்4 ஹாலஜன் பல்பை எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள், லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம். எதிரே வருபவர் கண்ணுக்கு வெளிச்சம் ஏறாமல் வெட்டுவது அந்தக் கிண்ணம்தான். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வடித்தது. எல்இடி பல்பில் ஒளி கிளம்பும் இடம் அதிலிருந்து கொஞ்சம் தள்ளிப்போனாலும் பீம் சிதறும். உங்களுக்கோ வண்டிக்கு முன்னால் பத்தடி தூரம் பளீரென்று இருக்கும், கண் அதற்கே பழகிவிடும். தூரத்தில் இருட்டில் சாலையைக் கடப்பவர் கண்ணில் படமாட்டார். எதிரே வருபவருக்கு நீங்களும் தெரியமாட்டீர்கள், சாலையும் தெரியாது.

ஒயரிங் பற்றிச் சுருக்கமாக. 60 வாட்டுக்கு வந்த கப்ளரில் (பல்பின் பின்னால் மாட்டும் ஒயர் பிளக்) 100 வாட் பல்ப் போட்டால் கப்ளர் உருகும். ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், அடுத்துப் போவது ஒயர். செனான் ஹெட்லைட் என்றால் பேட்டரி டெர்மினலைக் கழற்றாமல் கையை உள்ளே விடவே கூடாது. பல்பைப் பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும். விளையாட்டில்லை.

தயவுசெய்து, ஏற்கெனவே பிரித்து மூடியவர்கள் இன்றைக்கே ஒன்றைச் செய்யுங்கள். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி லோ பீம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்கோடு ஹெட்லைட்டின் நடுமட்டத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஹவுஸிங்கில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி வையுங்கள். ஒரே ஒரு டிகிரி மேலே தூக்கியிருந்தாலும் அந்தத் தூரத்தில் கோடு 17 சென்டிமீட்டர் ஏறிவிடும், அது நேராக எதிராளியின் கண்ணுக்குத்தான் போகும். சரிசெய்யும் ஸ்குரூ பின்பக்கம் இருக்கிறது. உங்களால் முடியாவிட்டால் இரவில் ஓட்டுவதற்கு முன் ஒர்க்‌ஷாப்புக்கு வாருங்கள். வரும்போது எந்தப் பசை போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் நேரத்தில் பாதி அதைக் கண்டுபிடிக்கவே போகிறது.