டபுள் எக்ஸ்போஷர்: தமிழில் எப்படிச் சொல்வது?

பிலிமின் ஒரே கட்டத்தில் இரண்டு தடவை ஒளியை விழவிட்டு, இரண்டு காட்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிப்பதுதான் டபுள் எக்ஸ்போஷர். இதை 'இரட்டை வெளிப்பாடு' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை.

எக்ஸ்போஷரின் வேர் லத்தீன். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'போனெரே' என்றால் வைத்தல். 'வெளி'யைப் பிடித்துக்கொண்டு வெளிப்பாடு வந்திருக்கலாம். ஆனால் தமிழில் வெளிப்பாடு என்றால் உள்ளே கிடப்பது வெளியே வருவது: கோபத்தின் வெளிப்பாடு, அன்பின் வெளிப்பாடு. பிலிமிலோ வெளிச்சம் வெளியிலிருந்து உள்ளே போகிறது. திசையே தலைகீழ்!

நம்மிடம் 'படு' இருக்கிறது. வெயில் படும், காற்றுப் படும், கண்கூடப் படும். கேமராவின் முதுகைத் தவறித் திறந்துவிட்டால், "வெளிச்சம் பட்டுடுச்சு, ரோல் போச்சு" என்றுதான் சொல்வோம். அப்புறம் என்ன, எக்ஸ்போஷர் என்பது ஒளிபடுதல்.

டபுளுக்கு 'இரட்டை'யும் சரியில்லை. இரட்டைப் பிள்ளை, இரட்டை வாழைப்பழம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. இங்கே ஒரே இடத்தில் இரண்டாம் தடவை நடக்கிறது. ஆகவே 'இருமுறை ஒளிபடுதல்'.

பெண்டாக்ஸ் கே1000 போன்ற மெக்கானிக்கல் கேமராவில் செய்முறை இது. முதல் படம் எடுத்ததும், பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழைத் தொய்வு போகும்வரை மெல்லத் திருப்பி, அப்படியே இறுக்கிப் பிடிக்க வேண்டும். அடிப்பக்கத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே பிலிமை நகர்த்தும் லிவரை இழுத்தால், ஒளியை உள்ளே விடும் ஷட்டர் மறுபடி தயாராகும், பிலிம் நகராது. பொதுவாக ஒவ்வொரு தடவையும் பாதி ஒளி போதும். 1/60 நொடி வேண்டிய இடத்தில் 1/125 நொடி. முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு வெற்றுக் கிளிக். இல்லாவிட்டால் அடுத்த படம் இதன் மேல் ஏறிவிடக்கூடும்.

முதல் படத்தில் எங்கே இருட்டோ, அங்கேதான் இரண்டாவது படம் தெளிவாகப் பதியும். வானத்தை முதுகுப்பக்கம் வைத்து ஒருவரைக் கறுப்பு நிழலாக எடுத்து, மேலே தேயிலைத் தோட்டத்தை எடுத்தால் முகத்துக்குள் செடிகள் முளைக்கும்.

1960-இல் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் கறுப்பு வெள்ளை பிலிமுக்கு 'இந்து' என்று பெயர் இருந்தது. இந்து என்றால் நிலா. நிலாவைத் தனியாகப் பெரிதாக எடுத்து மலைக்கு மேல் ஏற்றுவது இந்த வித்தையில் எல்லாரும் முதலில் செய்து பார்ப்பது, நல்ல பொருத்தம்.

நீலகிரியில் இதற்கு எதிரி மஞ்சு, அதாவது மூடுபனிதான். கோத்தகிரியில் நண்பரை நிழலாக எடுத்து, பொத்தானை அழுத்திப் பிடித்து, தோட்டத்தின் பக்கம் திரும்புவதற்குள் மஞ்சு இறங்கிவிட்டது. பொறுமை இல்லாமல் அதையே எடுத்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய முகம் முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. நண்பரின் அம்மா பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கஞ்சித் தண்ணி மாதிரி இருக்கு" என்றார்.