பரவற்படி: அனோவாவில் அலசப்படுவது எது?

‘வேறுபாட்டுப் பகுப்பாய்வின்படி மூன்று குழுக்களிடையே வேறுபாடு உள்ளது.’ கடலூர், புதுச்சேரிப் பக்கம் உளவியல் கருத்தரங்கு எங்கு நடந்தாலும் தமிழ்ச் சுருக்கங்களில் இந்த வாக்கியம் தவறாமல் தலைகாட்டுகிறது. பல குழுக்களின் சராசரிகள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனையான அனோவாவுக்கு (ANOVA, Analysis of Variance) யாரோ வைத்த பெயர் இது.

ஆங்கிலப் பெயரில் இருப்பது வேரியன்ஸ், அதாவது மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு. பலவகையான என்று பொருள்படும் லத்தீன் ‘வேரியஸ்’ வழி வந்த சொல். புள்ளியியல் பொருளில் ரொனால்ட் ஃபிஷர் 1918இல் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டு மேனிலைக் கணக்குப் பாடநூலில் அது பரவற்படி. பரவல் + படி. படியை அளவு என்று கொண்டாலும் சரி, இருபடிச் சமன்பாட்டில் வரும் அடுக்கு என்று கொண்டாலும் சரி. விலக்கத்தை வர்க்கமாக்கி எடுக்கும் அளவுக்கு இரண்டுமே பொருந்தும்.

வேறுபாடு ஏன் ஆகாது? தேர்வுப் பதற்றத்தைக் குறைக்க ஒரு குழுவுக்கு மூச்சுப் பயிற்சி, ஒரு குழுவுக்கு ஆலோசனை, மூன்றாவதற்கு எதுவுமில்லை என்று வைத்துக்கொள்வோம். குழுவுக்கு 5 பேர். பதற்ற மதிப்பெண்ணின் சராசரிகள் 10, 12, 14. குழுச் சராசரிகள் மொத்தச் சராசரி 12இலிருந்து விலகுவதை வர்க்கமாக்கி, ஆளுக்கொன்றாகக் கூட்டினால் குழுக்களுக்கிடையே வர்க்கக் கூடுதல் 40. அதை 2ஆல் (குழுக்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) வகுத்தால் 20. ஒவ்வொருவரும் தம் குழுச் சராசரியிலிருந்து விலகுவதை இப்படியே கூட்டி, குழுவுக்குள்ளே வர்க்கக் கூடுதல் 24 என்றால் 12ஆல் (15 பேரில் 3 குழுக்களைக் கழித்தது) வகுக்க 2 வரும். இவ்விரண்டின் விகிதமான எஃப் மதிப்பு 20/2 = 10. 0.05 மட்டத்தில் எஃப் அட்டவணை கேட்பது 3.89தான், தாண்டிவிட்டது. இப்போது சராசரிகளைத் தொடாமல், உள்ளே இருக்கும் சிதறலை மட்டும் கூட்டுங்கள். 24 இருந்த இடத்தில் 240 வந்தால் எஃப் வெறும் 1. சராசரிகளின் வேறுபாடு இம்மியும் மாறவில்லை, முடிவு தலைகீழ். முடிவைத் தீர்மானித்தது பரவல். அதைப் பெயரிலிருந்தே எடுத்துவிட்டால் மாணவர் எதைப் பிடித்துக்கொண்டு புரிந்துகொள்வார்?

பெரிய கூத்து இன்னொரு படியில்தான். அனோவாவுக்கு முன் லெவீன் சோதனை போட்டு, குழுக்களின் பரவற்படி ஏறக்குறைய சமமா என்று பார்ப்பது வழக்கம். சமமில்லை என்றால், சமமாக இருக்கத் தேவையில்லாத வெல்ச் முறைக்குப் போக வேண்டும். இதையும் ‘வேறுபாடுகள் சமமாக இருக்க வேண்டும்’ என்றே எழுதுகிறார்கள். 10க்கும் 12க்கும் இடைவெளி 2, 12க்கும் 14க்கும் 2, ஆகவே நிபந்தனை நிறைவேறியது என்று ஒருவர் படித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

‘மாறுபாட்டுப் பகுப்பாய்வு’ என்பார் கட்சி பெரியது. அது இவ்வளவு மோசமில்லை. ஆனால் மாறுபாட்டுக் கெழு என்று பத்தாம் வகுப்பிலேயே அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. அது திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து வருவது. இலங்கை வழக்கான மாறற்றிறன் (மாறல் + திறன்) அழகான புணர்ச்சி. உளவியலிலோ திறன் என்றாலே ஆளின் ஆற்றல்தான் நினைவுக்கு வரும், போதாக்குறைக்கு, இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பைக் குறிக்கச் சோதனையின் திறன் (power) என்று இன்னொன்றும் உண்டு. விலக்க வர்க்கச் சராசரி என்ற பெயர் துல்லியம்தான், ஆனால் குழுச் சராசரிகளை ஒப்பிடும் பத்தியில் இன்னொரு சராசரியையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. பேச்சில் ‘அனோவா போட்டோம்’ என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எழுதும்போது பரவற்படிப் பகுப்பாய்வு என்று எழுதுங்கள்.

அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டும் இதே கைகள்தான், significant என்பதற்குப் பாடநூலில் ‘மிகைகாண்’ என்ற கலைச்சொல் இருக்க, பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோது இவ்வளவோ இதைவிட அதிகமோ வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்ததையெல்லாம் ‘முக்கியமான வேறுபாடு’ என்கின்றன. ஆயிரக்கணக்கானோரை அளந்தால் அரை மதிப்பெண் குறைந்தாலும் மிகைகாண் எல்லையைத் தாண்டிவிடலாம். அது முக்கியமா என்பதற்கு, மொத்தச் சிதறலில் குழுக்களால் வந்த பங்கைக் காட்டும் ஈட்டா வர்க்கத்தைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன முதல் கணக்கில் 40ஐ மொத்தக் கூடுதல் 64ஆல் வகுத்தால் 0.625. சுருக்கத்தில் எஃப் மதிப்புக்குப் பக்கத்திலேயே இதையும் போட அரை வரிகூட ஆகாது.