டிசம்பரில் நனைந்த தரை, மார்ச்சில் வெடித்தது

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். ஹாலில் டமார் என்று ஒரு சத்தம். குக்கர்தான் வெடித்துவிட்டது என்று அடுப்படிக்கு ஓடினேன். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால், மேற்கு ஜன்னலோரம் இரண்டு டைல்ஸ் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓட்டுக்கூரை மாதிரி முகடு கட்டி நிற்கின்றன. யாரும் தொடவில்லை, எதுவும் மேலே விழவில்லை. 2016 மார்ச் கடைசி வாரம் அது.

சென்னை வேளச்சேரியில் தரைத்தளத்து வீடு என்றால் முன்கதையைச் சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பர் முதல் வாரம் வந்த வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர் மூன்று நாள் நின்றது. வடிந்ததும் சேற்றை வழித்து, கழுவி, துடைத்து, மின்விசிறியை ஓடவிட்டோம். பொங்கலுக்குள் தரை பளபளவென்று ஆகிவிட்டது. நாற்காலிக் கால்கள் ஊறியதும் கதவுகள் உப்பியதும்தான் பெரிய நஷ்டம், தரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

பக்கத்துத் தெருவிலிருந்து வந்த மேஸ்திரி முகட்டைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் ‘நங்’, பல இடத்தில் ‘டொக்’. டொக் என்றால் அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம்; அங்கெல்லாம் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அரை மணி நேரத்தில் பாதி ஹால் பெருக்கல் குறியாகிவிட்டது.

“சார், வெள்ளம் வந்தப்பவே இது விட்டுப்போச்சு. இப்ப வெயில் தள்ளியிருக்கு, அவ்வளவுதான்.”

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்குப் பல நாள் ஆனது.

முதலில் ‘வெயில் தள்ளியது’ என்பதைப் பார்ப்போம், அது சுலபம். டைல்ஸ் சூடானால் விரியும். மிகக் கொஞ்சம்தான். 5 மீட்டர் நீள ஹாலில் வரிசையாகப் பதித்த டைல்ஸ் 10 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மொத்த நீளமும் சேர்த்துச் சுமார் 0.3 மில்லிமீட்டர் விரியும். மூன்று தாள் அடுக்கிய கனம். இதுவா டைலைத் தூக்கும் என்று தோன்றும். ஆனால் சுவருக்குச் சுவர் இடைவெளியே விடாமல் இறுக்கிப் பதித்த தரையில் அந்த 0.3 மில்லிமீட்டர் போக இடமில்லை. எங்கே பிடிமானம் இல்லையோ அங்கே மேலே எழும்பித்தான் ஆகவேண்டும்.

எவ்வளவு எழும்பும்? மேஜையில் இரண்டு புத்தகங்களை முதுகோடு முதுகு சேர்த்துப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் லேசாகத் தள்ளிப் பாருங்கள். தள்ளுவது கொஞ்சம், நடுவில் எழுவது நிறைய. இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் இரண்டு, 0.3 மில்லிமீட்டர் நெருக்கத்துக்கு எவ்வளவு உயரும் என்று பள்ளிக்கூட பிதாகரஸ் தேற்றத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். 13 மில்லிமீட்டர் வருகிறது. அரை அங்குலம்! எங்கள் வீட்டு முகட்டை அடிக்கோல் வைத்து அளந்தபோது அதைவிடச் சற்றே கூடுதலாக இருந்தது. பல வருடமாக உள்ளே சேர்ந்த இறுக்கம் ஒரே நொடியில் விடுபட்டதுதான் அந்த டமார். அடியில் இருக்கும் கான்கிரீட் காய்ந்து சுருங்குவதும் இந்த இறுக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். மேலே இருப்பது விரிகிறது, கீழே இருப்பது சுருங்குகிறது.

அப்படியானால் வெள்ளம் வராத வீடுகளில் ஏன் இது நடப்பதில்லை? நடக்கிறது, குறைவாக. பிடிமானம் நன்றாக இருந்தால் டைல் அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு கிடக்கும். பிடிமானத்தை விடுவித்தது தண்ணீர்.

மேஸ்திரி கூரைபோல் நின்ற ஒரு டைலைத் தூக்கித் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் கடையிலிருந்து அன்றைக்கு வாங்கி வந்ததுபோல் சுத்தமாக இருந்தது. கலவையில் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. எங்கள் வீட்டில் பதித்திருப்பது விட்ரிஃபைடு டைல்ஸ், கண்ணாடிபோல் இறுகும்வரை சுட்டது. அது குடிக்கும் தண்ணீர் அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவு, கிட்டத்தட்ட கண்ணாடி. பழைய செராமிக் டைல்ஸ் அப்படியில்லை, அதன் முதுகில் நுண்துளைகள் உண்டு. சிமெண்ட் பால் அந்தத் துளைகளுக்குள் புகுந்து இறுகி வேர் பிடிக்கும். துளையே இல்லாத முதுகில் வெறும் சிமெண்ட் பாலை ஊற்றி உட்கார வைத்தால், அது ஒட்டுவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஊறிய சிமெண்ட் படலம் இன்னும் பலவீனமாகும். போதாததற்கு, எங்கள் வீட்டில் நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று கலவையை உருண்டை வைத்துப் பதித்திருக்கிறார்கள். உருண்டைகளுக்கு நடுவே இருந்த வெற்றிடமெல்லாம் வெள்ளத்தன்று சின்னச் சின்னத் தொட்டிகளாகிவிட்டன.

அதற்கும் கீழே இன்னொரு கதை. தரைத்தளத்தில் பேஸ்மட்டத்துக்குள் மணல் நிரப்பி, அதன்மேல் ஜல்லி கான்கிரீட் போட்டு, அப்புறம்தான் கலவையும் டைல்ஸும். மணலுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு: லேசாக ஈரமாக இருக்கும்போது அது உப்பும். மணல் துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் நின்று, அவற்றை நெருங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். நுண்மணல் இப்படி நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரைகூட உப்பிக் காட்டும். அதே மணலில் தண்ணீரை நிறைய ஊற்றினால் படலம் கலைந்து, துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து, மட்டம் பொசுக்கென்று இறங்கிவிடும். அதனால்தான் பழைய கொத்தனார்கள் மணல் நிரப்பும்போது தண்ணீர் கட்டி, திமிசு போட்டு இடிப்பார்கள். அந்த வேலையைச் செய்யாமல் விட்ட வீட்டில் வெள்ளம் வந்து அதைச் செய்துவிட்டுப் போகிறது, தரைக்கு அடியில் ஒரு பள்ளத்தையும் விட்டுவிட்டு.

சரி, தண்ணீர் போனபிறகாவது தரை காய்ந்திருக்க வேண்டாமா? மூன்று மாதம் ஆகியிருந்ததே!

மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையின் வெளிப்புறம் எப்போதும் கசிந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், உள்ளே குளிரும். கான்கிரீட்டும் முதலில் அப்படித்தான் காயும். மேல்பரப்பு ஈரமாக இருக்கும்வரை ஈரம் மளமளவென்று போகும். மேல்பரப்பு காய்ந்ததும் ஆவியாகும் இடம் உள்ளே இறங்கிவிடும். அங்கிருந்து ஒவ்வொரு நீராவி மூலக்கூறும் நுண்துளைகளின் சந்துபொந்து வழியாக மேலே வந்து சேரவேண்டும். இந்த இரண்டாம் கட்டம் மகா மெதுவானது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டுமானத்தில் தோராயமாக வைத்திருக்கும் கணக்கு. அதுவும் மேலே எதுவும் மூடாமல் இருந்தால்தான்.

நம் தரைமேல் டைல்ஸ் மூடியிருக்கிறது. இரண்டடி டைல்ஸ், நடுவே 2 மில்லிமீட்டர் கிரவுட் (டைல்களின் இடுக்கை அடைக்கும் சாந்து) என்று வைத்தால், மொத்தப் பரப்பில் கிரவுட்டின் பங்கு 0.7 சதவீதம்கூட இல்லை. ஹால் முழுக்கத் தேங்கிய ஈரம் அந்தக் கோடுகளின் வழியாகவும், சுவர் ஓரமாகவும்தான் வெளியேற வேண்டும். ஜனவரியில் எங்கள் தரை பளபளத்தது உண்மைதான். டைலின் மேல்பக்கம் மட்டும்.

வெளியேறும் வழியில் அந்த ஈரம் தன் அடையாளத்தை விட்டுச் செல்லும். பிப்ரவரியில் கிரவுட் கோடுகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சுவரடியில் ஒட்டியிருக்கும் ஸ்கர்ட்டிங் பட்டைக்கு மேலே சுவர்ப்பூச்சு பொரிந்து உதிர்ந்தது. ஓதம் ஏறியிருக்கிறது என்று எங்கள் அம்மா ஒரே பார்வையில் சொன்னார். மண்ணிலும் செங்கலிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்புகளைக் கரைத்துத் தூக்கிவரும் தண்ணீர், தான் மட்டும் ஆவியாகி, உப்பை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். வெளியே பூத்தால் அசிங்கம், அவ்வளவுதான். பூச்சுக்கு உள்ளேயே படிகமானால்தான் ஆபத்து. சோடியம் சல்பேட் என்ற உப்பு ஈரத்தை இழுத்துப் படிகமாகும்போது ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனாகும். துளைக்குள் அடைபட்ட அந்தப் படிகம் பூச்சை உள்ளிருந்தே நெட்டித் தள்ளும்.

தண்ணீர் மேலே ஏறுவது நுண்துளையின் வேலை. துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம். 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள மணல் இடுக்கில் 15 சென்டிமீட்டர் ஏறும். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆரம் என்றால் கணக்குப்படி 15 மீட்டர்! நிஜத்தில் வழியெல்லாம் ஆவியாகிவிடுவதால் சுவரில் இடுப்புயரத்துக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை. பெரிய ஜல்லிக்கு நடுவே இருக்கும் இடுக்கில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்கூட ஏறாது. மணலுக்குமேல் மண் கலக்காத ஜல்லியும், அதன்மேல் கனமான பாலித்தீன் ஷீட்டும் விரித்துக் கான்கிரீட் போட்ட வீடுகளில் ஓதம் ஏன் ஏறுவதில்லை என்பதற்கு விடை இதுதான்.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பூப்பைப் பார்த்ததும் ஒருவர் சொன்னார் என்று ஆசிட் வாங்கி ஊற்றித் தேய்த்தேன். நுரைத்துக்கொண்டு போனது, ஒரு வாரம் சுத்தமாக இருந்தது, பிறகு முன்னைவிட அதிகமாகப் பூத்தது. அந்த ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், சிமெண்டோடு சேர்ந்து கால்சியம் குளோரைடை உண்டாக்கும். அது காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும் உப்பு. கிரவுட்டையும் அரித்து, ஓதத்துக்குத் தீனியும் போட்டிருக்கிறேன். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, முறத்தில் அள்ளி வெளியே கொட்டினால் போதும். ஈரத் துணி வைத்தால்கூட உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். இன்னொன்று: வெள்ளத்துக்குப் பின் எல்லார் வீட்டிலும் பிளீச்சிங் பவுடர் இருக்கும். அதன்மேல் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

படுக்கையறையில் மரம்போலத் தெரியும் லேமினேட் தரை போட்டவர்களுக்கு ஒரே வரி: கழற்றி எறிந்துவிடுங்கள். மர இழைகளை அழுத்திச் செய்த பலகை அது. ஊறியதும் அழுத்தம் விடுபட்டு உப்பும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கடப்பா கல் போட்ட பழைய வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

பழுதுபார்க்கும் வேலையில் மேஸ்திரி செய்தது கொஞ்சம், காத்திருந்தது அதிகம். முதலில் ஸ்கர்ட்டிங்கை எடுத்து, சுவரோரம் கட்டரால் ஒரு கோடு வெட்டித் தரையின் இறுக்கத்தை விடுவித்தார். ‘டொக்’ என்றவற்றில், தொடர்ச்சியாக இருந்த வரிசைகளை மட்டும் பெயர்த்தார். தனியாக ஒரு மூலை மட்டும் ஓசை மாறிய டைல்களைத் தொடவில்லை. அடியிலிருந்த கலவையையும் வெட்டி எடுத்தபோது, ஏப்ரல் வெயிலிலும் அது கருத்து, கையில் பிசுபிசுத்தது.

“எப்ப பதிக்கலாம், மேஸ்திரி?”

“தரை சொல்லும் சார்.”

தரை சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிவான பாலித்தீன் ஷீட்டை வெட்டி, தரையில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடவேண்டும். ஷீட்டின் அடியில் நீர் முத்துகள் கட்டினாலோ, தரை கருத்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. ஷீட்டின் மேல்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். புழுக்கமான நாளில் குளிர்ந்த தரைமேல் படிவது. சென்னையில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, வியர்த்த தரையை ஓதம் என்று நினைத்துக் காசைக் கொட்டியவர்கள் உண்டு.

ஏப்ரல் நடுவில் முதல் முறை ஒட்டினேன். மறுநாள் அடியில் முத்து முத்தாக நீர். மின்விசிறி மட்டும் போட்டால் ஈரக்காற்றையே சுற்றிவிடும் என்பதால் பகலில் ஜன்னல்களைத் திறந்தும், கடற்காற்று ஈரம் சுமந்து வரும் மாலையில் மூடிவிட்டு ஏசியை ‘டிரை’யில் வைத்தும் ஓட்டினோம். ஏசி வெளியே சொட்டவிடும் ஒவ்வொரு சொட்டும் வீட்டுக்குள்ளிருந்து போவதுதான் என்று பார்க்க ஒரு திருப்தி. மே மாதம் இரண்டாவது முறை: முத்துகள் இல்லை, ஆனால் ஷீட்டுக்கடியில் மட்டும் தரை ஒரு நிழல் கருத்திருந்தது. ஹாலில் பாதி மொட்டைத் தரை, வருகிறவர்களெல்லாம் தடுக்கி விழுகிறார்கள், இன்னுமா முடியவில்லை என்று கேள்வி வேறு.

இடையில் மேஸ்திரி வேண்டிய சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்தார். சிமெண்ட் பாலுக்குப் பதில் பாலிமர் கலந்த டைல் பசை. அதை முழு முதுகுக்கும் இழுத்துப் பூச, ஓரத்தில் பல்லு வெட்டிய கரணை. டைல்களுக்கு நடுவே ஒரே சீராக இடைவெளி விட 3 மில்லிமீட்டர் ஸ்பேசர். சுவரோரம் விடும் சுண்டுவிரல் கன இடைவெளியை அடைக்கக் கல்போல் இறுகாத சிலிகான். அந்த இடைவெளி ஸ்கர்ட்டிங்குக்குள் ஒளிந்துகொள்ளும், வெளியே தெரியாது என்று இரண்டு முறை சொன்னார்.

ஜூன் முதல் வாரம் மூன்றாவது முறை ஷீட்டை உரித்தேன். அடியில் கொஞ்சம் தூசியும் ஒரு செத்த எறும்பும் இருந்தன. மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.