இருமல் நின்றுவிட்டால் கொட்டை போய்விட்டது என்று அர்த்தமில்லை

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி, தையில் பொங்கல். இந்த இரண்டும் முடிந்து வரும் பத்துப் பதினைந்து நாட்கள் எனக்குக் கவலையான நாட்கள். கும்பகோணம் பக்கத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கிறேன். மூச்சுக்குழாயில் கொட்டை சிக்கிய பிள்ளை இந்த வருடமாவது ஒன்றும் வராது என்று நினைத்தேன். வந்துவிட்டது.

வலங்கைமான் பக்கத்து ஊர், இரண்டே கால் வயதுப் பையன். காய்ச்சல், மூச்சிரைப்பு. வேறொரு இடத்தில் நிமோனியா என்று சிரப் கொடுத்திருக்கிறார்கள். மருந்து உள்ளே போகும்வரை குறைகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. ஸ்டெத் வைத்தால் இடது பக்கம் காற்று நன்றாகப் போகிறது, வலது பக்கம் அடியில் சத்தமே இல்லை. தூக்கி வந்த பாட்டியிடம் கேட்டேன்: "பையனுக்கு எப்பவாவது திடீர்னு புரை ஏறிச்சாம்மா?"

"ஏகாதசி ராத்திரி ஏறிச்சு தம்பி. கண்ணு ரெண்டும் செவந்துபோயி இருமுனான். வாழைப்பழம் கொடுத்தேன், நின்னு போச்சு. அது ஆச்சு பதினோரு நாளு. இது சளிதான்."

மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் கருவியை விட்டுப் பார்த்தால், வலது கிளையில் புளியங்கொட்டை. ஊறிப் பருத்து, பழுப்புத் தோல் பாதி உரிந்து, சுற்றிலும் சீழ். எடுத்துத் துடைத்தபோது ஒரு பக்கம் தட்டையாக, வெள்ளையாக இருந்தது. தாயம் போடுவதற்காகத் தரையில் தேய்த்த கொட்டை.

அதற்குப் பிறகுதான் வீட்டார் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். கண்விழிப்புக்காகக் கூடத்தில் பரமபதம் விரித்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்து வீடுகளும் சேர்ந்து நல்ல கூட்டம். நடு ஆட்டத்தில் ஆறு கொட்டையில் ஒன்றைக் காணோம். பாயை உதறினார்கள், விளக்கடியில் தேடினார்கள். கிடைக்காததால் அடுக்களையிலிருந்து வேறொரு கொட்டையை எடுத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். பையன் இருமியதும் அதே நேரம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆட்டமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கூடத்தில் பாய் விரித்து, தாத்தாவும் பேத்தியும் ஒரே கட்சியில் உட்கார்ந்து தாயம் உருட்டுவதைப் போல ஒரு நல்ல ராத்திரி குடும்பத்துக்குக் கிடைக்காது. அவசியம் ஆடுங்கள். தவழும் குழந்தையும் அதே பாயில்தான் இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

எனக்குப் பொறுக்கவே முடியாத பேச்சு ஒன்று உண்டு. "இருமல் நின்னுடுச்சு, உள்ள போயிடுச்சு, நாளைக்கு வெளிய வந்துடும்." எந்த உள்ளே? தொண்டைக்குக் கீழே இரண்டு குழாய்கள் இருக்கின்றன. ஒன்று வயிற்றுக்கு, இன்னொன்று நுரையீரலுக்கு. வயிற்றுக்குப் போன புளியங்கொட்டை பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடும், அதற்கு நானும் பயப்படுவதில்லை. நுரையீரலுக்குப் போனது எந்த வழியாக வரும்? விழுங்கியது சிக்கினால் எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும். மூச்சுக்குழாய்க்குள் போனால் ஒரேயடியாக இருமும், முகம் சிவக்கும், சில சமயம் நீலம் பாரிக்கும். பிறகு கொட்டை ஒரு கிளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த இடம் அதற்குப் பழகிவிடும், இருமல் அடங்கும். பிள்ளை சிரிக்கும், விளையாடும், பால் குடிக்கும். இந்த அமைதி சில மணி நேரமும் இருக்கலாம், சில வாரமும் இருக்கலாம். இதைத்தான் குணமாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். கொட்டை அங்கேயே ஊறிக்கொண்டிருக்கிறது.

வாழைப்பழம் போவது வயிற்றுக்கு. நுரையீரலில் இருக்கும் கொட்டையை அது தொடக்கூட முடியாது. கெடுதல் மட்டும் செய்யும். வயிறு நிறைய இருக்கும் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்தால், வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. அவசரமில்லாத நிலையில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். அவசரமென்றால் அந்த ஆபத்தோடுதான் தொடங்கவேண்டும். சோற்று உருண்டைக்கும் இதே பதில்தான்.

"எக்ஸ்ரே எடுத்தோம், ஒண்ணுமில்லைன்னாங்க" என்பது அடுத்தது. உலோகம் எக்ஸ்ரேயில் தெரியும். புளியங்கொட்டையும் வேர்க்கடலையும் தெரியாது. முதல் நாள் எடுக்கும் படம் முழுக்க நன்றாகவே இருக்கலாம். சக மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் நிமோனியாவா, சிரப் பெயரை மாற்றுவதற்கு முன்னால் புரையேறியதா என்று கேளுங்கள். "ஆமாம்" என்று பதில் வந்தால், படம் நன்றாக இருந்தாலும் உள்ளே பார்த்துவிடுவது நல்லது.

ஆட்டத்துக்கு உட்காரும் முன் எண்ணுங்கள், முடிந்ததும் எண்ணுங்கள். பல்லாங்குழியில் 14 குழி, குழிக்கு 5 என்றால் 70 முத்து. குழியில் நான்கு சேர்ந்ததும் பசு என்று எடுக்கத் தெரிந்த வீட்டுக்கு இதை எண்ணுவது ஒரு வேலையா? ஒன்று குறைந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சின்னப் பிள்ளைகளை முதலில் பாருங்கள், பிறகு பாயை உதறுங்கள்.

சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியைப் பல்லாங்குழியில் போடாதீர்கள். ஓடு உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வந்துவிடும். கடித்து மென்றால் கொடிய விஷம், அதற்கு மாற்று மருந்து கிடையாது. வீட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

எண்ணைக் கூப்பிடக் கூப்பிடச் சீட்டில் மறைத்துக்கொண்டே போகும் தம்போலா ஆடும் வீடுகளில், மறைப்பதற்கு மொச்சை, பட்டாணி, வேர்க்கடலை என்று கைக்குக் கிடைத்ததை வைக்கிறார்கள். பேனாவால் அடித்துவிட்டுப் போங்களேன். கொறிக்க வைக்கும் வேர்க்கடலையும் 5 வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். வாயில் கடலையோடு சிரிக்கும்போதும் ஓடும்போதும்தான் புரையேறுகிறது.

பட்டன் பேட்டரி இவை எல்லாவற்றையும்விட மோசம். பாட்டுப் பாடும் பொம்மை, சின்ன ரிமோட், மின்னும் விளக்கு எல்லாவற்றிலும் இருக்கிறது. உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே அரித்துப் புண்ணாக்கிவிடும். மலத்தில் வரட்டும் என்ற பேச்சே கூடாது. நாணயமா பேட்டரியா என்று சந்தேகம் வந்தால் பேட்டரி என்றே வைத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

கண்ணெதிரே அடைத்துக்கொண்டால்: பிள்ளை சத்தமாக இருமுகிறதா, இருமவிடுங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் ஆழமாகத்தான் தள்ளுவீர்கள். இருமவும் அழவும் முடியவில்லை என்றால் ஒருவர் 108-ஐக் கூப்பிட, இன்னொருவர் உடனே தொடங்கவேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ்ந்திருக்கக் கைமேல் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டுங்கள். வராவிட்டால் திருப்பிப் போட்டு நடு மார்பில் 5 முறை அழுத்துங்கள். பெரிய பிள்ளைக்கு முதுகில் அதே 5 தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்ளேயும் மேலேயுமாக 5 அழுத்து. வெளியே வரும்வரை இதையே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நினைவு தப்பினால் சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முதலுதவி.

வெளியே எதுவும் வராமலேயே இருமல் அடங்கிவிட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். விடியட்டும் என்று இருக்கவேண்டாம், பாட்டி சொன்னார் என்றும் இருக்கவேண்டாம். கிளம்பும்போது மீதமிருக்கும் கொட்டையில் ஒன்றைக் கையோடு எடுத்து வாருங்கள். புளியங்கொட்டை வழுக்கும். எந்த இடுக்கி அதைப் பிடிக்கிறது என்று, மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் வெளியில் வைத்துப் பார்த்துக்கொள்வேன்.