வீட்டில் கட்டும் சிஎன்சி ரவுட்டர்: ஸ்க்ரூவா, பெல்ட்டா, ராக்கா?

சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்படி கட்டரை நகர்த்தி வெட்டும் மெஷின்) கட்டப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த டிரைவ் (அச்சை நகர்த்தும் அமைப்பு) துல்லியமானது?" என்றுதான். அதற்கு முன்னால் முடிவாக வேண்டியவை இரண்டு: நீளமான அச்சு எத்தனை மி.மீ. ஓட வேண்டும், வெட்டப்போவது மரமா அலுமினியமா.

300 மி.மீ. அளவுள்ள சிறு மெஷினில் மென்மரமும் அக்ரிலிக்கும் செதுக்க டி8 லீட் ஸ்க்ரூ போதும். பரவலாகக் கிடைப்பது நான்கு மரை கொண்டது. ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும். அதோடு வரும் ஸ்பிரிங் வைத்த நட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். கையால் ஆட்டினால் இறுக்கமாகத்தான் இருக்கும். கட்டர் பொருளில் இறங்கி, வெட்டு விசை ஸ்பிரிங்கின் விசையைத் தாண்டியதும் மறைந்திருந்த பேக்லாஷ் (நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையிலான ஆட்டம்) வெளியே வரும். வட்டம் வெட்டினால், அச்சு திசை மாறும் நான்கு இடங்களிலும் தட்டையாகவோ சிறு படியாகவோ தெரியும்.

ஒரு மீட்டர் வரை, அலுமினியமும் வெட்ட வேண்டும் என்றால் பால் ஸ்க்ரூதான் (நட்டுக்குள் குண்டுகள் உருளும் ஸ்க்ரூ). 1605 என்றால் விட்டம் 16, ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. சி7 தரத்தில் 300 மி.மீ. ஓட்டத்துக்கு 0.05 மி.மீ. வரை பிழை இருக்கலாம். மர வேலைக்குத் தாராளம். நீளம் கூடும்போதுதான் சிக்கல். ஒரு வேகத்துக்கு மேல் ஸ்க்ரூ நடுவில் வில்லாக வளைந்து அதிரும், அந்த வேக வரம்பு நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஒரு முனையை இறுக்கி மறுமுனையைத் தாங்கிய 16 மி.மீ. ஸ்க்ரூவுக்கு (மரையின் அடியில் விட்டம் சுமார் 13) 1000 மி.மீ. நீளத்தில் வரம்பு ஏறத்தாழ 1960 ஆர்பிஎம். 1500 மி.மீ. ஆனால் 870தான், 1605-இல் அது நிமிடத்துக்கு 4.35 மீட்டர். ஒரு மீட்டரில் இந்த வரம்பை எட்டுவதற்கு முன்பே ஸ்டெப்பர் மோட்டாரின் (படிப்படியாகத் திரும்பும் மோட்டார்) டார்க், அதாவது திருப்புவிசை, விழுந்துவிடும். 1610 போட்டால் வேகம் இரட்டிப்பாகும், அதே மோட்டாரில் தள்ளுவிசை பாதியாகும்.

1500 மி.மீ.க்கு மேல் ராக் பினியன்: பல் வைத்த பட்டை ராக், அதன் மேல் உருளும் பல்சக்கரம் பினியன். மாட்யூல் 1 (பல்லின் அளவு), 20 பல் பினியன் ஒரு சுற்றில் 62.8 மி.மீ. ஓடும். மோட்டாரில் நேரடியாக மாட்டினால், சுற்றுக்கு 1600 பல்ஸ் (மோட்டாரை ஒரு படி திருப்பும் சிக்னல்) வைத்தாலும் ஒரு பல்ஸுக்கு 0.04 மி.மீ. வரும், விசையும் போதாது. 1:4 பெல்ட் குறைப்பு வைத்தால் சுற்றுக்கு 15.7 மி.மீ.; அதுதான் வேலைக்கு ஆகும். பினியனை ஸ்பிரிங்கால் ராக்கோடு அழுத்தி வையுங்கள். பற்கள் கீழ்நோக்கி இருந்தால் மரத்தூள் தங்காது. இரண்டு துண்டு ராக்கை இணைக்கும்போது மூன்றாவது துண்டு ஒன்றை மூட்டின் மேல் பல்லோடு பல்லாகக் கவிழ்த்துப் பிடித்து, அதன் பிறகு ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். கண்ணால் பார்த்து இணைத்த மூட்டில் பினியன் ஒவ்வொரு முறையும் தடுக்கும்.

பெல்ட் மலிவு, வேகம், சத்தமும் குறைவு. ஆனால் இழுவை நீளம் கூடக் கூட அது ரப்பர்த்தனம் காட்டும். ஃபோம், மெல்லிய பலகை, லேசர் ஆகியவற்றுக்குச் சரி. அலுமினியத்துக்கு வேண்டாம்.

எதை வாங்கினாலும் கோட்டைவிடுவது முனைத் தாங்கியில்தான். நல்ல பால் ஸ்க்ரூ வாங்கிவிட்டு, சாதாரண பேரிங்கில் நிறுத்தி, சுருள் வெட்டுள்ள கப்ளிங்கால் மோட்டாரோடு இணைத்துவிடுகிறார்கள். அப்போது அச்சு விசை முழுவதும் மோட்டாரின் பேரிங்குக்குப் போகிறது. சுருள் கப்ளிங் ஸ்பிரிங் போல அமுங்கி நீள்கிறது. நட்டை எத்தனை முறை மாற்றினாலும் ஆட்டம் போகாது. 1605-க்கு மோட்டார் பக்கம் பிகே12, மறுபக்கம் பிஎஃப்12 என்ற தாங்கிகளைப் போட வேண்டும். பிகே12-இன் லாக் நட் ஸ்க்ரூவை முன்னும் பின்னும் நகரவிடாமல் பிடிக்கும். பிஎஃப்12 பக்கம் ஸ்க்ரூ சூட்டில் நீள இடம் கொடுக்கும். மாட்டும்போது நட்டை பிகே12 அருகே கொண்டுபோய் நட் பிராக்கெட்டை இறுக்குங்கள். பிறகு பிஎஃப்12 அருகே கொண்டுபோய் அந்தத் தாங்கியை இறுக்குங்கள். வரிசை மாறினால் ஒரு முனையில் ஸ்க்ரூ இறுகும். நட்டை ஸ்க்ரூவிலிருந்து கழற்றவே கூடாது, குண்டுகள் கொட்டிவிடும்.

ஆட்டத்தை அளக்க டயல் கேஜ் போதும். ஒரே திசையில் 1 மி.மீ. நகர்த்தி முள்ளைப் பூஜ்யமாக்கி, 0.01 மி.மீ. படியாகத் திருப்புங்கள், முள் அசையும் வரை போன தூரம்தான் பேக்லாஷ். மென்பொருளில் ஈடுசெய்யலாமே என்பார்கள். கட்டர் பொருளைத் தன் பக்கம் இழுக்கும்போது அந்த இடைவெளிக்குள் அச்சு தானாகவே தாவும். அதை மென்பொருள் பிடித்து நிறுத்தாது.

இசட் (மேல்-கீழ்) அச்சில் ஒரு எச்சரிக்கை: பால் ஸ்க்ரூவில் உராய்வு மிகக் குறைவு. மின்சாரம் போனதும் ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் மோட்டார்) தன் எடையாலேயே இறங்கி, கட்டர் பலகையில் குத்தி நிற்கும். கனமான ஸ்பிண்டில் என்றால் பிரேக் உள்ள மோட்டாரோ கேஸ் ஸ்பிரிங்கோ போடுங்கள். லேசானது என்றால் சுற்றுக்கு 4 மி.மீ. நகரும் 1204 பெரும்பாலும் தாங்கிவிடும். அதையும் மோட்டாரை அணைத்துப் பார்த்தே உறுதி செய்யுங்கள்.