ஸ்ட்ரெஸ்: அழுத்தமா, இறுக்கமா?

கால்பந்தில் பெனால்டி ஷூட்அவுட். பந்தை வைத்துவிட்டு வீரர் பின்னால் நகர்கிறார். "கடும் மன அழுத்தத்தில் இருக்கிறார்" என்கிறார் தமிழ் வர்ணனையாளர். ஸ்ட்ரெஸ் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் அப்படித் தமிழாக்குகிறார். அடுத்து வந்தவருக்கும் மன அழுத்தம், அதற்கடுத்தவருக்கும் மன அழுத்தம். பக்கத்தில் இருந்த அம்மா, "பாவம், இதுக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார். அம்மா மேல் தப்பில்லை. டிப்ரஷனுக்கும் நம் பத்திரிகைகள் மன அழுத்தம் என்றுதானே எழுதுகின்றன? அதற்கு மனச்சோர்வு என்ற நல்ல சொல் இருக்கிறது.

ஸ்ட்ரெஸ்ஸின் வேர், இறுக்கிக் கட்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது நெருக்கடி, துன்பம் என்று விரிந்தது. இயற்பியலில் அதையே தகைவு என்று நம் பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செல்யேயின் ஆய்வுகளுக்குப் பிறகு அது உடம்புக்கும் மனதுக்கும் உரிய சொல்லாகப் பரவியது.

சரி, அழுத்தம் என்றால் என்ன? ஒன்றின் மேல் வெளியிலிருந்து விழும் விசை. காற்றழுத்தம் என்கிறோம், ரத்த அழுத்தம் என்கிறோம். அது பிரஷர். ஆட்டக்காரர் மேல் அழுத்தம் இருக்கிறது என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அந்த அழுத்தத்தால் அவருக்குள் நடப்பதற்கும் அதே சொல்லைப் போடும்போதுதான் குழப்பம். தோள் விறைக்கிறது, மூச்சு மேலேயே நிற்கிறது, பார்வை குறுகுகிறது. தமிழில் இதன் பெயர் இறுக்கம். லத்தீன் வேரின் பொருளும் அதுவே.

நியூசிலாந்து ரக்பி அணியைப் பாருங்கள். 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில், கார்டிஃபில், பிரான்சிடம் 18-20 என்று தோற்றார்கள். பின்னர் மனநல மருத்துவர் கெரி எவன்ஸ் அவர்களோடு வேலை செய்தார். அவர் சொல்லித்தந்தது, மனதுக்குச் சிவப்பு, நீலம் என்று இரண்டு நிலைகள். சிவப்பு என்றால் இறுகிப் பதறுவது. நீலம் என்றால் தளர்ந்து, தெளிந்து, கையிலுள்ள வேலையில் நிற்பது. சிவப்புக்குப் போவது தெரிந்தால் அணித் தலைவர் ரிச்சி மெக்கா மெல்ல மூச்சிழுத்து, கவனத்தைத் தன் பாதத்துக்குக் கொண்டுவருவார். சக வீரர் கீரன் ரீட் மைதானத்தின் தூரத்து விளிம்பைப் பார்ப்பார். 2011 இறுதிப் போட்டி, ஆக்லாந்து, மறுபடி பிரான்ஸ். 8-7 என்ற ஒற்றைப் புள்ளி முன்னிலையில் கடைசி அரை மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து வென்றார்கள். 60,000 பேரின் கூச்சலும் அந்த ஒரு புள்ளியும் குறையவே இல்லை. அழுத்தம் அப்படியே இருந்தது. அவர்கள் தளர்த்தியது இறுக்கத்தை. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் இதை எப்படித் தமிழில் எழுதுவது?

இதில் ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்டுக்கு "மன அழுத்த மேலாண்மை" வேறு! மேலாண்மை அலுவலகச் சொல். கிடங்கை, கழிவை, நிதியை மேலாண்மை செய்யலாம். மூச்சுவாங்க நிற்கும் ஆட்டக்காரர் எதை மேலாண்மை செய்வார்? அவர் சமாளிக்கிறார். சமாளி தூய தமிழா என்று கேட்பவர்கள் 'எதிர்கொள்' என்று எழுதட்டும், எனக்குச் சம்மதமே. அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் வைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு மாலை ஏதாவது கபடிக் களத்துக்குப் போய் நிற்க வேண்டும். எங்கள் பள்ளி வாலிபால் மாஸ்டர், ஆட்டம் முடிய ஒரு புள்ளி இருக்கும்போது சர்வீஸ் போடப் போகிறவனைப் பார்த்துக் கத்துவார்: "உடம்ப இறுக்காதடா, தோள லூசா விடு!"